கார்ப்பொரல் டாலிவர் கொடுத்த வாக்குமூலம்

யாசூ சிட்டி, மிசிசிப்பி
1993 மார்ச் 9

என் அன்பு அண்ணன் தெரோனுக்கு,

உன் தங்கை ஒசெல்லா எழுதுவது. நானும் பிள்ளைகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஊசி போட்டுக்கொள்ள அடம் பிடிக்கிறாய் என்று மாவிஸ் அண்ணி கிறிஸ்துமஸ் அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து சார்ஜென்ட்டாக வெளியே வந்தவன் இத்தனை சின்ன ஊசிக்குப் பயந்தால் எப்படி?

பின்பக்கத்துக் கூரையை மாற்றியாயிற்று. மழை இனி சமையலறைக்குள் வராது. போன வருஷத்துப் பேரிக்காய் ஜாமில் ஆறு புட்டி உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும் என்பதால் இங்கேயே இருக்கின்றன.

இனி எழுதப்போவதைப் படித்ததும் நீ கடிதத்தைக் கீழே வைத்துவிடுவாய் என்று தெரியும். தயவுசெய்து வைக்காதே.

போன நவம்பரில் அப்பா அம்மா கல்லறையைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். படைவீரர் தினத்துக்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கையில் பட்டியலோடு வந்து, போருக்குப் போனவர்களின் கல்லறைகளில் சின்னச் சின்னக் கொடிகளை நட்டுக்கொண்டிருந்தாள். நம் பக்கத்து வரிசையில் நான்கு பேருக்கு நட்டாள். அப்பாவின் சிமென்ட் கல்லைத் தாண்டிப் போனாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எங்க அப்பாவும் போருக்குப் போனவர்தான்” என்று சொல்லிவிட்டேன். அவள் நல்ல மாதிரிதான். பட்டியலை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க, இதுல அவர் பேர் இல்லையே” என்றாள். கையில் பிடுங்கிய புல்லோடு அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். முப்பத்தொரு வருஷம் பள்ளி அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்தவள் நான். எந்த மாதிரி எழுதினால் பதில் வரும் என்று தெரியும். மூன்று மாதம் கழித்து வந்தது. இருபது வருஷத்துக்கு முன் நடந்த தீ விபத்தில் அப்பாவின் கோப்பும் எரிந்துபோய்விட்டதாம். வேறெங்கோ தப்பித்த சம்பளத் தாள்களிலிருந்து இரண்டு வரி மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஆம்சி டாலிவர், விமானத்தளம் அமைக்கும் பொறியாளர் படைப்பிரிவு, பசிபிக் கடலில் மலோவா என்ற தீவு. 1944 ஏப்ரல் வரை கார்ப்பொரல், மே மாதம் முதல் வெறும் சிப்பாய்.

அப்பா கார்ப்பொரலாக இருந்தது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. லாரி ஓட்டினேன் என்று மட்டும்தான் சொல்வார்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்குப் பதினான்கு, உனக்குப் பதினேழு. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவின் பெட்டியில் கிடைத்த நீலத் தாளை நீ அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாய். நல்லபடியாகப் பணி முடித்தவர்களுக்கு வெள்ளைத் தாள், மற்றவர்களுக்கு நீலம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம் தெருவில் மூன்று பேர் வெள்ளைத் தாளைக் காட்டி அரசாங்கக் கடன் வாங்கி வீடு கட்டினார்கள், நாம் ஏன் கட்டவில்லை என்று அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது. “கோழைப் பயலுங்களுக்குத்தான் இதைக் கொடுப்பாங்க” என்று நீ கத்தினாய். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம், “அது பட்டாளத்து விஷயம்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு மர அறுவை ஆலைக்குக் கிளம்பிப் போனார். அடுத்த வசந்தத்தில் நீ பட்டாளத்தில் சேர்ந்தாய். அப்பாவின் அடக்கத்துக்கு நீ அனுப்பிய மலர்வளையம் மிக அழகாக இருந்தது. உன் இடம்தான் காலியாக இருந்தது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சத்தம் போடாமல் நினைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்னாள் படைவீரர்கள் படிக்கும் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தீவில், அந்தப் படைப்பிரிவில் இருந்த யாராவது உயிரோடு இருக்கலாம். அப்பா எப்போதாவது உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தால் எழுது. கெட்டதாக இருந்தாலும் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு உன் பிரியமுள்ள தங்கை,
ஒசெல்லா


யாசூ சிட்டி
1993 ஜூன் 22

அன்புள்ள அண்ணா,

உன் அஞ்சலட்டை கிடைத்தது. “செத்தவரை நிம்மதியா விடு” என்று மூன்றே சொற்கள். அட்டையின் முன்பக்கத்து மலை அழகாக இருந்தது.

நான் விடவில்லை. கோபித்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

விளம்பரத்துக்கு முதலில் வந்த பதில் நெப்ராஸ்காவிலிருந்து. நார்பர்ட் கிளைன் என்ற சோள விவசாயி. அந்தத் தீவிலிருந்து பறந்த போர் விமானிகளில் ஒருவராம். எழுபத்து மூன்று வயதுக்கு எழுத்து கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் ஒரு வார்த்தை வீண் இல்லை. 1944 மார்ச்சில் ஒருநாள் காலை, சண்டை முடிந்து அவர்கள் ஒன்பது விமானங்களில் திரும்பி வந்தார்களாம். கீழே ஓடுபாதையில் குண்டு விழுந்து நடுவில் இரண்டு பெரிய பள்ளங்கள். வேறு தளத்துக்குப் போக எரிபொருள் இல்லை. “என் விமானத்தில் இருபத்தைந்து நிமிஷத்துக்குத்தான் எரிபொருள் இருந்தது” என்கிறார். சுற்றிக்கொண்டே கீழே பார்த்தால் ஒரு ஆளும் இல்லை. அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு புல்டோசர் தனியாக வெளியே வந்ததாம். அதற்கு முன்னால் ஒரு மனிதன் பின்னோக்கி நடந்தபடியே கைகாட்டிக்கொண்டு வந்தானாம். அவர்கள் இரண்டு பள்ளங்களையும் மூடி முடித்தபோது எட்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் கடலில் இறங்கியது, அந்த விமானியையும் படகில் மீட்டுவிட்டார்கள்.

அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: “அந்த டிரைவர் பேர் என்னன்னு அன்னிக்கே போய்க் கேட்டேன். உனக்கு எதுக்குன்னு விரட்டிட்டாங்க. எனக்கு நாலு பிள்ளைங்க, பதினோரு பேரப்பிள்ளைங்க. அம்மா, அந்த வண்டில இருந்தது உங்க அப்பாவா?”

எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அன்றைக்கு உண்மையிலேயே தெரியாது.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. லூசியானாவில் லேக் சார்ல்ஸ் ஊரிலிருந்து அல்போன்ஸ் ரிடோ என்பவர். அப்பாவின் கம்பெனியில் எழுத்தராக இருந்தவர். கேப்டன் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது அவர் வேலை. “போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. எனக்கு நுரையீரல் போச்சு, என்னால வர முடியாது. நீ வா” என்றார். பஸ் ஏறிப் போனேன். மூக்கில் குழாயோடு வாசல் நாற்காலியில் எனக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “அப்படியே ஆம்சியோட நெத்தி” என்றார்.

அவர் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். நீ பட்டாளத்தான், என்னைவிட உனக்கு நன்றாகப் புரியும்.

அவர்கள் எல்லோரும் நம் கறுப்பின ஆட்கள், அதிகாரிகள் மட்டும் வெள்ளைக்காரர்கள். துப்பாக்கி கையில் கொடுக்கவில்லை, மண்வெட்டியும் வண்டியும்தான். பவளப்பாறையை நொறுக்கிக் கொட்டி, கடல் தண்ணீர் ஊற்றி உருளை ஓட்டினால் சிமென்ட் போல இறுகிவிடுமாம். பன்னிரண்டு நாளில் அந்த ஓடுபாதையைப் போட்டார்களாம். “உங்க அப்பா கையில புல்டோசர் வீட்டு மாடு மாதிரிம்மா. ஒரு முட்டையை முன்னால வெச்சா உடைக்காம நகர்த்துவான்” என்றார்.

அன்றைக்குக் காலையில் குண்டு விழுந்ததில் ஒன்று வெடிக்காமல் ஓடுபாதை ஓரத்தில் புதைந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் வகை. குண்டு எடுப்பவர்கள் தீவின் மறுபக்கத்திலிருந்து படகில் வர நான்கு மணி நேரம் ஆகும். யாரும் பாதையில் காலடி வைக்கக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டுவிட்டார். அந்த உத்தரவில் தப்பில்லை என்று ரிடோவே சொல்கிறார். ஆனால் விமானங்களின் சத்தம் கேட்ட பிறகும் கேப்டன் அதை மாற்றவில்லை.

அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டியில் ஏறினார். முன்னால் இரும்புத் தகடு உயர்ந்து நின்றால் ஓட்டுகிறவனுக்குத் தரை தெரியாதாம். யாராவது முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டும். லியாண்டர் காஸ்கின் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன், அப்பாவின் கூட்டாளி, தானாகவே குதித்து ஓடி முன்னால் போய் நின்றான். அப்பா அவனைப் பார்த்துக் கத்தியது மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எல்லோருக்கும் கேட்டதாம். “போடா அந்தப் பக்கம்! செத்துத் தொலையப் போற, ஓடுடா!” அவன் காதில் கை வைத்து, இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஜாடை காட்டிச் சிரித்தான். அப்புறம் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தான்.

கடைசி விமானம் இறங்கிய பிறகு இருவரும் திரும்பி வரும்போது குண்டு வெடித்தது. தகடு மறைத்ததால் அப்பா பிழைத்தார். லியாண்டர் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

அண்ணா, இனிமேல் சொல்வதுதான் நான் பஸ் ஏறிப் போனதற்குக் காரணம் என்று திரும்பி வரும்போது புரிந்தது.

விசாரணை கூடாரத்தில் நடந்தது. ரிடோ தட்டச்சு இயந்திரத்தின் முன்னால். கேப்டன் ஒரு வாக்குமூலம் தயாராக வைத்திருந்தார். சிப்பாய் காஸ்கின் உத்தரவை மீறித் தானே பாதைக்குள் போனான், சொந்தத் தப்பினால் செத்தான் என்று அதில் இருந்தது. அப்பா அதில் கையெழுத்துப் போட்டால், வண்டியைத் தானே அனுப்பியதாகக் கேப்டன் சொல்லிவிடுவார். பதவி போகாது, வெள்ளைத் தாளோடு வீட்டுக்குப் போகலாம். அப்பா கேட்டது ஒரே கேள்வி. “அவன் அம்மாவுக்கு என்னன்னு எழுதுவீங்க, சார்?”

“இதைத்தான்” என்றாராம் கேப்டன்.

அப்பா ரிடோ பக்கம் திரும்பி, “புதுத் தாள் போடு” என்றார். “நான் கார்ப்பொரல். வண்டிய எடுத்தது நான். முன்னால நடடான்னு அவனுக்கு உத்தரவு போட்டது நான். அவன் மாட்டேன்னு சொல்லல. உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சு செத்தான். அப்படியே அடி.”

ரிடோவின் கை நின்றுவிட்டது. அது பொய் என்று அவருக்குத் தெரியும், கேப்டனுக்கும் தெரியும். “இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?” என்று கேப்டன் கேட்டார். அப்பா அவரைப் பார்க்கவே இல்லையாம். “அடி, ரிடோ” என்றார்.

மேல்விசாரணை என்று போனால் எட்டு விமானிகளும் சாட்சி சொல்ல வந்துவிடுவார்கள். அதனால் சத்தமில்லாமல் பதவியைப் பறித்து நீலத் தாளில் அனுப்பிவிட்டார்கள்.

ரிடோ அந்த வாக்குமூலத்தின் நகலைத் தன் பத்திரங்களோடு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மெல்லிய தாள், எழுத்து மங்கிவிட்டது, அடியில் அப்பாவின் கையெழுத்து. அந்த ‘டா’வை நீயும் நானும் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். “உங்க அப்பா அன்னிக்குச் செஞ்சது அது. நான் செஞ்சது, டைப் அடிச்சது மட்டும்தான். என் வெள்ளைத் தாள் போயிடுமோன்னு வாயத் தொறக்கல” என்று சொல்லிவிட்டு அந்தக் கிழவர் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரைத் தேற்றினேன் என்று தெரியவில்லை.

ரிடோவிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நீ சொல்லாவிட்டாலும் உன் மனசில் அந்த நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெடித்ததில் அப்பாவின் இடது காது முழுச் செவிடாகிவிட்டதாம். மர ஆலையில் தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு நீ கத்தியபோது அப்பாவுக்கு நேர் எதிரே நின்றிருந்தாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை, அண்ணா. கேட்கிற வலது காதை உன் பக்கம் கொடுத்தார்.

நீ சொன்னது முழுவதையும் அவர் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

ரிடோ சாட்சிக் கடிதம் தருகிறார், கிளைனும் தருகிறார். பட்டாளத்து ஆவணங்களைத் திருத்தும் குழுவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

ஒசெல்லா


யாசூ சிட்டி
1993 ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணா,

நான்கு பக்கம்! முப்பத்தெட்டு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது. மேசையில் வைத்து மூன்று தடவை படித்தேன். காது விஷயம் நிச்சயமா என்று ஒரு தனி வரியில் கேட்டிருக்கிறாய். நிச்சயம். இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

மீதி மூன்றரைப் பக்கத்திலும் நீ என்னைத் திட்டியிருக்கிறாய். நியாயமான திட்டு. “அவர் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். அதுக்கான விலையையும் கட்டிட்டார். இப்ப நீ போய் அது பொய்னு சொன்னா, அந்தப் பையன் உத்தரவ மீறிச் செத்தான்னு ஆயிடும். அப்பா எதைக் காப்பாத்தினாரோ அதையே நீ உடைக்கிற. அந்தக் குடும்பத்தைக் கேட்டியா?” நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் பெயரைச் சுத்தம் செய்கிற அவசரத்தில் இருந்தேன். விண்ணப்பத்தை அனுப்பாமல் இழுப்பறையில் போட்டுவிட்டு, அந்தக் குடும்பத்தைத் தேட ஆரம்பித்தேன்.

ஆர்கன்சாவில் ஹெலனா ஊரில் லியாண்டரின் அக்கா இருக்கிறார். ஜெனோபியா குரூம் என்று பெயர், எழுபத்தைந்து வயது. கணவர் இல்லை. போன சனிக்கிழமை போனேன். கெளுத்தி மீன் வறுத்து, சோள ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, சாப்பிடாமல் பேசக் கூடாது என்று உத்தரவு. சாப்பிட்டேன். அப்புறம் நான் யார் என்று சொன்னேன். ஆம்சி டாலிவரின் மகள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: “ஐம்பது வருஷமா உங்கப்பனத் திட்டிக்கிட்டு இருக்கேன் நான். என் தம்பிய சாவுக்கு அனுப்பின கார்ப்பொரல்னு.”

அண்ணா, அந்த அம்மாவுக்குப் போன கடிதத்தில் அப்படித்தானே இருந்திருக்கும்? உங்கள் மகன் தன் கார்ப்பொரலின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து உயிர் விட்டான் என்று. அவர்கள் பெருமைப்பட்டார்கள். அதே சமயம் அந்தக் கார்ப்பொரலை வெறுத்தார்கள். அப்பாவுக்கு அதுவும் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேள். 1947-இல் அப்பா ஹெலனாவுக்குப் போயிருக்கிறார். நம்மிடம் மெம்பிஸில் வேலை என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போனாரே, அப்போதாக இருக்க வேண்டும். கையில் தொப்பியோடு வாசலில் நின்றாராம். லியாண்டரின் அம்மா கதவைத் திறந்து, “நீதான் என் பையன முன்னால போகச் சொன்னவனா?” என்று கேட்டார். அப்பா, “ஆமாம்மா, நான்தான்” என்றார். அந்தம்மா கதவைச் சாத்திவிட்டார். “தாழ்ப்பாளப் போட்டது நான்” என்றார் ஜெனோபியா. “ஜன்னல் வழியாப் பார்த்தேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாரு. மழை வேற.”

அப்புறம் நான் ரிடோ சொன்னதையெல்லாம் சொன்னேன். நகலைக் காட்டினேன். அவருக்குக் கண்ணாடி இருந்தும் படிக்க முடியவில்லை. நான் படித்தேன். அப்பா “ஓடுடா” என்று கத்தியதையும், லியாண்டர் காதில் கை வைத்துச் சிரித்ததையும் சொன்னபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன பண்ணினான்? இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன்.

“காதுல கைய வெச்சானா? கேக்கலன்னு காட்டினானா?” சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணீர் கழுத்து வரை ஓடுகிறது. “அவன்தான்! அது என் தம்பியேதான்! விறகு வெட்டுன்னு அம்மா கத்தினா அப்படித்தான் நிப்பான், கழுதை! யாரோ சொல்லிக் கேட்டு நடந்து செத்தான்னா எங்களால நம்பவே முடியல பொண்ணே. அம்மா சாகற வரைக்கும் சொல்லுவா, என் பேச்ச ஒரு நாளும் கேக்காதவன் எவனோ ஒரு கார்ப்பொரல் பேச்சக் கேட்டிருக்கான் பாருன்னு. அவனே போனானா! அவனா இறங்கிப் போனானா!”

விண்ணப்பம் போட்டால் காகிதத்தில் லியாண்டருக்கு என்ன ஆகலாம் என்று நீ எழுதியதைச் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உன் அண்ணன் நல்லவன்னு சொல்லு. எங்களப் பத்தி யோசிச்சிருக்கான். ஆனா என் தம்பி அடிமை மாதிரி அனுப்பப்பட்டவன் இல்ல, தானாப் போனவன். அதை எழுத்துல பார்க்கணும் நான். எட்டுப் பேர இறக்கினவன உத்தரவ மீறினவன்னு எழுத எவனுக்காவது கை வந்தா, என் முன்னால வந்து எழுதட்டும்.” தானும் ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவர் வீட்டு மேசையிலேயே எழுதிக்கொண்டேன். கடைசி வரியை மட்டும் அவரே தன் கையால் எழுதினார்: ‘இந்த இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மரியாதை வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு எதுவும் வேண்டாம்.’

கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அந்தத் தாழ்ப்பாள நான் போட்டிருக்கக் கூடாது” என்றார். உங்களுக்குத் தெரியாது, உங்கள் மேல் தப்பில்லை என்றேன். அதைச் சொன்ன பிறகு பஸ்ஸில் வழியெல்லாம் உன்னை நினைத்துக்கொண்டே வந்தேன்.

விண்ணப்பம் திங்கட்கிழமை போகிறது. நீயும் ஒரு கடிதம் எழுதினால் நல்லது. கட்டாயம் இல்லை.

ஒசெல்லா


யாசூ சிட்டி
1994 அக்டோபர் 2

என் அன்பு அண்ணனுக்கு,

வியாழக்கிழமை தபால் வந்தது. தபால்காரர் லோனியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறை கனமாக இருந்தது. பள்ளிக்கூட அனுபவத்தில் சொல்கிறேன், மறுப்புக் கடிதம் எப்போதும் மெல்லியதாக இருக்கும். ஆனாலும் திறக்கக் கை வரவில்லை. காபி போட்டேன், குடித்தேன், கோப்பையைக் கழுவினேன், அப்புறம்தான் திறந்தேன்.

குழு ஒப்புக்கொண்டுவிட்டது. நீலத் தாள் செல்லாது. கார்ப்பொரல் ஆம்சி டாலிவர், மரியாதையுடன் பணி முடித்தவர் என்று வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். லியாண்டரைப் பற்றி ஒரு தனிப் பத்தி இருக்கிறது. உத்தரவின்றித் தன் விருப்பத்தால் முன்வந்து, பிறர் உயிரைக் காக்கும் பணியில் இறந்தார் என்று. ஜெனோபியாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். “தன் விருப்பத்தால்” என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மூன்று தடவை படிக்க வைத்தார்.

பதக்கம் பற்றி ஒன்றும் இல்லை. கிளைன் அதற்காகக் கோபப்படுகிறார், மறுபடி எழுதுவேன் என்கிறார். எழுதட்டும். ரிடோவுக்குத்தான் சொல்ல முடியவில்லை. மே மாதமே அவர் போய்விட்டார். அவர் மகளுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

முடிவோடு கூட எல்லாருடைய சாட்சிக் கடிதங்களின் நகல்களும் வந்தன. அதில் ஒன்று உன் ஊர் டகோமாவிலிருந்து போயிருக்கிறது. நீ எழுதியதை என்னிடம் சொல்லவே இல்லையே. ஓய்வு பெற்ற சார்ஜென்ட் தெரோன் டாலிவர் என்று கையெழுத்து. ‘என் கீழே இருந்தவர்களைக் காப்பாற்ற நான் இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுதும் துணிச்சல் எனக்கு ஒருநாளும் இருந்திருக்காது’ என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறாய். கோடுகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படிக்க நான் முயலவில்லை. அது அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் இருப்பது.

அரசாங்கக் கல்லறைக் கல் வருகிறது. வெள்ளைப் பளிங்கு. பெயர், பதவி, போர். நவம்பர் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிறுத்துகிறோம். ஜெனோபியா பேத்தியின் காரில் வருகிறார். கிளைன் இந்த வயதில் நெப்ராஸ்காவிலிருந்து தானே வண்டி ஓட்டி வருவேன் என்கிறார், சொன்னால் கேட்பதில்லை. சர்ச் பெண்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உன் பழைய அறையில் புது மெத்தை போட்டிருக்கிறேன். ஊசி வைக்கக் குளிர்பெட்டியில் இடம் ஒதுக்கியாயிற்று. மாவிஸ் அண்ணியிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். விமானத்தில் வரப் பயமாக இருந்தால் ரயிலில் வா. முதல் நாளே வா.

முன்னாள் வீரர்கள் சங்கத்திலிருந்து ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். கல்லை நிறுத்தியதும் ஒருவர் முன்னால் வந்து முறைப்படி சல்யூட் அடிப்பாராம். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வேண்டாம், எங்கள் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அண்ணா, எனக்கும் பிள்ளைகளுக்கும் அதெல்லாம் முறையாகத் தெரியாது. எந்தக் கை, எவ்வளவு நேரம், எப்போது இறக்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் தங்கை,
ஒசெல்லா